பாட்டு வரிசையில் எத்தனை இடங்கள் வேண்டும்?

இந்த வாரம் நாடு முழுவதும் மக்கள் அதிகம் கேட்ட பாட்டு எது? இரண்டாவது எது? மூன்றாவது எது? இப்படி வரிசைப்படுத்தி வெளியிடும் பட்டியல்கள் உலகின் பல நாடுகளில் உண்டு. நம் நாட்டுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பில்போர்டு இதழ் 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியாவுக்கென ஒரு வாராந்தரப் பாட்டு வரிசையைத் தொடங்கியது. அதில் வைக்கப்பட்ட இடங்கள் 25.

இருபத்திரண்டு மொழிகளை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் எழுதி வைத்திருக்கும் நாட்டுக்கு 25 இடங்கள் போதுமா? அதை 100 ஆக்கினால் என்ன? விட்டுப்போன பாடல்களும் மொழிகளும் உள்ளே வந்துவிடாவா? கேட்டவுடன் நியாயமாகத் தோன்றும் யோசனை இது. ஆனால், "இடம் கூட்டினால் நல்லதுதானே" என்று சொல்லி முடித்துவிடக்கூடிய விஷயம் அன்று. பாட்டு வரிசை என்பது ஓர் அளவீடு. ஓர் அளவுகோலைக் கொண்டு எவ்வளவு நுட்பமாக அளக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை முதலில் கண்டுபிடிப்போம். பிறகு நியாயத்தைப் பேசுவோம்.

ஏழில் தொடங்கி நூறு வரை

பாட்டு வரிசைகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பாருங்கள். 1952ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று இங்கிலாந்தின் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற இதழ் அந்நாட்டின் முதல் இசைத்தட்டு விற்பனை வரிசையை வெளியிட்டது. பெர்சி டிக்கின்ஸ் என்பவர் ஏறத்தாழ 20 கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தெந்தத் தட்டுகள் நன்றாக விற்றன என்று கேட்டுக் கணக்கிட்டார். வெளியானது 12 இடங்கள் கொண்ட வரிசை. ஆனால் அதில் இருந்த பாடல்களோ 15! ஏழாம் இடத்தில் இரண்டு, எட்டாம் இடத்தில் இரண்டு, பதினொன்றாம் இடத்தில் இரண்டு. சில பாடல்களுக்கிடையே வேறுபாடு காண முடியவில்லை. ஆகவே சமம் என்றே எழுதிவிட்டார்கள். இந்த நேர்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு உதவும்.

அதே ஆண்டு டிசம்பரில் இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. நடத்தியவர் அமீன் சயானி. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் வானொலிப் பெட்டிகள் கொழும்புக்குத் திரும்பின. தொடக்கத்தில் அந்நிகழ்ச்சியில் ஏழே ஏழு பாடல்கள். அவை முன்பின்னாக ஒலிபரப்பாகும். சரியான வரிசையை நேயர்கள் எழுதியனுப்ப வேண்டும். வாரத்துக்கு 65,000 கடிதங்கள் வரை வந்து குவிந்தனவாம்! பின்னர் அது உண்மையான தரவரிசை நிகழ்ச்சியாக மாறி, வாரத்துக்கு 16 பாடல்கள் என்று பல்லாண்டுகள் நடந்தது. 1989ஆம் ஆண்டில் விவித்பாரதிக்கு இடம் மாறியது.

அமெரிக்காவில் பில்போர்டு இதழ் 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு 4 அன்று 100 இடங்கள் கொண்ட வரிசையைக் கொண்டுவந்தது.

7, 12, 16, 25, 100. இவற்றுள் எது சரியான எண்? விடை காண நாம் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய வேண்டும்.

அளவுகோலின் எல்லை

மீட்டர் அளவுகோலால் ஒரு மில்லிமீட்டர் வரை அளக்கலாம். வெர்னியர் அளவியால் அதில் பத்தில் ஒரு பங்கும், திருகு அளவியால் நூறில் ஒரு பங்கும் அளக்கலாம். இதையே கருவியின் மீச்சிற்றளவு என்கிறோம். மீட்டர் அளவுகோலை வைத்துக்கொண்டு "இந்தக் கம்பியின் விட்டம் 1.237 மில்லிமீட்டர்" என்று ஒரு மாணவர் எழுதினால், ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். எண் எழுதியது குற்றமன்று. கருவியால் காண முடியாததை எழுதியதுதான் குற்றம்.

பாட்டு வரிசையிலும் இதே குற்றம் நேரலாம். 83ஆம் இடம், 84ஆம் இடம் என்று அச்சிடுவது எளிது. அந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நம் எண்ணிக்கையால் காண முடிந்ததா என்பதே கேள்வி.

காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு வாக்கெடுப்பு

ஒரு கற்பனைச் சோதனை செய்வோம். நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது காளப்பநாயக்கன்பட்டி. இங்கிருந்து காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்துகள் மலையேறுகின்றன. இந்த ஊரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் நாம் வாக்கெடுப்பு நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 100 பாடல்களின் பெயர்களைக் கொடுத்து, "உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்று 5,200 பேரிடம் கேட்கிறோம்.

வாக்குகள் எப்படிப் பிரியும்? இத்தகைய எண்ணிக்கைகளில் ஒரு வியப்பான ஒழுங்கு அடிக்கடி தென்படுகிறது. ஜெர்மானிய இயற்பியலார் ஃபெலிக்ஸ் அவர்பாக் 1913ஆம் ஆண்டில் நகரங்களின் மக்கள்தொகையில் இதைக் கண்டார். பின்னர் அமெரிக்க மொழியியலார் ஜார்ஜ் ஜிப், சொற்கள் எத்தனை முறை பயன்படுகின்றன என்பதில் இதையே விரிவாக ஆராய்ந்தார். முதலிடத்துக்கு 1,000 என்றால் இரண்டாமிடத்துக்கு அதில் பாதி, மூன்றாமிடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, பத்தாமிடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. இதுதான் அந்த ஒழுங்கு. எங்கும் அச்சுப் பிசகாமல் பொருந்தும் விதியன்று இது. ஆனால் நம் கணக்குக்கு நல்ல தோராயம்.

இதன்படி நம் வரிசை இப்படி அமையும்: முதல் பாட்டுக்கு 1,000 வாக்குகள், இரண்டாவதற்கு 500, மூன்றாவதற்கு 333, ஏழாவதற்கு 143, எட்டாவதற்கு 125, ஒன்பதாவதற்கு 111, இருபதாவதற்கு 50, இருபத்தொன்றாவதற்கு 48.

மேலே பெரும் இடைவெளிகள். கீழே போகப்போகச் சிறு இடைவெளிகள். முதல் இரண்டுக்கும் இடையே 500 வாக்குகள். இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையே இரண்டே இரண்டு வாக்குகள்!

இப்போது கேளுங்கள்: இதே வாக்கெடுப்பை அடுத்த நாள் நடத்தினால் இருபதாம் பாட்டுக்குச் சரியாக 50 வாக்குகள்தான் கிடைக்குமா? நிச்சயமாக இல்லை. நேற்றுச் சந்தித்த சிலர் இன்று மலையேறிப் போயிருப்பார்கள். புதிதாகச் சிலர் வந்திருப்பார்கள். காலையில் கேட்ட பாட்டு ஒருவர் வாயில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும், அதையே சொல்லிவிடுவார். இவ்வாறு தற்செயலாக ஏற்படும் ஏற்ற இறக்கத்துக்கு ஓர் எளிய விதி உண்டு: எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ, ஏற்ற இறக்கமும் ஏறக்குறைய அவ்வளவு. கைகர் எண்ணியைக் கொண்டு கதிரியக்கத் துகள்களை எண்ணும்போதும் இதே விதிதான். நிமிடத்துக்குச் சராசரி 100 துகள்கள் என்றால், மூன்றில் இரண்டு முறை 90க்கும் 110க்கும் இடையே எண்ணிக்கை வரும். மற்ற முறைகளில் அதையும் தாண்டும்.

இரண்டு பாடல்களை ஒப்பிடும்போது இருவர் பக்கத்து ஏற்ற இறக்கமும் சேரும். அப்போது இரு எண்ணிக்கைகளையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். செய்து பார்ப்போம்.

ஏழாவதும் எட்டாவதும்: இடைவெளி 18. 143ஐயும் 125ஐயும் கூட்டினால் 268. அதன் வர்க்கமூலம் 16. இடைவெளி சற்றே பெரிது. ஒப்புக்கொள்ளலாம்.

எட்டாவதும் ஒன்பதாவதும்: இடைவெளி 14, ஏற்ற இறக்கம் 15. இங்கே தராசு தடுமாறத் தொடங்கிவிட்டது.

இருபதாவதும் இருபத்தொன்றாவதும்: இடைவெளி 2, ஏற்ற இறக்கம் 10! இந்த இரண்டையும் வரிசைப்படுத்துவதற்குப் பதில் நாணயத்தைச் சுண்டிப் பார்த்துவிடலாம்.

ஆகவே, 5,200 பேரிடம் வாக்கு வாங்கினாலும் நாம் நம்பிக்கையோடு அறிவிக்கக்கூடியவை முதல் எட்டு இடங்கள்தாம். எட்டுக்குக் கீழே உள்ளவர்களை 'சமம்' என்று ஒரு கூட்டமாக எழுதுவதே முறை. 1952ஆம் ஆண்டில் அந்த ஆங்கில இதழ் சமமான பாடல்களைச் சமம் என்றே அச்சிட்டது அல்லவா? அது அளவையியலுக்கு ஏற்ற செயல்.

வரிசையை இரட்டிப்பாக்கும் விலை

எட்டுக்குப் பதில் பதினாறு இடங்கள் வேண்டுமென்றால், இரண்டு மடங்கு பேரிடம் கேட்டால் போதுமா? போதாது. ஏன் என்று பாருங்கள்.

வரிசையில் இரண்டு மடங்கு கீழே இறங்கினால், பக்கத்துப் பக்கத்துப் பாடல்களின் இடைவெளி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஏற்ற இறக்கமோ அவ்வளவு சுருங்குவதில்லை, 1.4இல் ஒரு பங்காக மட்டுமே குறைகிறது. எனவே தெளிவு ஏறக்குறைய 2.8 மடங்கு கெடுகிறது. இழந்த தெளிவை மீட்க வாக்குகளைக் கூட்ட வேண்டும். ஆனால் வாக்குகளைக் கூட்டினால் தெளிவு வர்க்கமூலமாகத்தான் கூடும். 2.8 மடங்கு தெளிவு வேண்டுமென்றால் அதன் வர்க்கம், அதாவது 8 மடங்கு வாக்குகள் வேண்டும்!

இரண்டு மடங்கு இடங்களுக்கு எட்டு மடங்கு எண்ணிக்கை. மூன்று மடங்கு இடங்களுக்கு இருபத்தேழு மடங்கு. பத்து மடங்கு இடங்களுக்கு ஆயிரம் மடங்கு. இது என்ன கணக்கு என்று புரிந்திருக்கும். நம்பத்தக்க இடங்களின் எண்ணிக்கை, வாக்கு எண்ணிக்கையின் கனமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. முதல் பாட்டின் வாக்குகளைப் பாதியாக்கி அதற்குக் கனமூலம் கண்டால் எத்தனை இடங்கள் தேறும் என்பது கிடைத்துவிடும். 1,000 வாக்கு என்றால் 8 இடங்கள். 8,000 என்றால் 16. பத்து லட்சம் என்றால் 79. ஒரு கோடி என்றால் 171.

அந்நாளில் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசிக் கணக்கெடுத்தவர்கள் பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டது பொருத்தம்தான். இன்று இணைய வழியில் பாட்டுக் கேட்பவர்களின் ஒவ்வொரு கேட்பையும் கணிப்பொறி பதிவு செய்கிறது. ஒரு பாட்டுக்கு வாரம் பத்து லட்சம் கேட்புகள் என்பது பெரிய நாட்டில் அரிதன்று. எனவே தற்செயல் பிழையை மட்டும் பார்த்தால் நூறு இடங்கள் கொண்ட வரிசை இன்று இயலாத காரியம் அன்று.

எண்ணிக்கை தீர்க்காத பிழை

ஆனால் பிழைகளில் இரண்டு வகை உண்டென்று படித்திருக்கிறீர்கள். தற்செயல் பிழை பலமுறை அளந்தால் குறையும். முறையான பிழை எத்தனை முறை அளந்தாலும் குறையாது. சுழிப்பிழை உள்ள திருகு அளவியால் ஆயிரம் முறை அளந்தாலும் அதே தவறுதான் வரும்.

நம் வாக்கெடுப்பைப் பேருந்து நிறுத்தத்தில் மட்டும் நடத்தினால் என்ன ஆகும்? பயணம் செய்பவர்களின் விருப்பம் தெரியும். வயலில் இருப்பவர்களின் விருப்பம் தெரியாது. ஒரே ஆள் நூறு சீட்டுகளைப் போட்டால் அவர் நூறு பேராகிவிடுவார். கீத்மாலா நடத்தியவர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. கடை விற்பனை, நேயர் கடிதம் ஆகியவற்றோடு நிற்காமல், ஊர் ஊராக இருந்த வானொலி நேயர் மன்றங்களின் கருத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு கருவியின் சாய்வை மற்றொரு கருவி சரிசெய்யும் என்பதே அதன் அடிப்படை.

இணையக் கேட்பை மட்டும் எண்ணும் வரிசைக்கும் சாய்வு உண்டு. பேருந்தில் ஓட்டுநர் போடும் பாட்டை ஐம்பது பேர் கேட்கிறார்கள். கணக்கில் அது ஒன்றாக ஏறும், அல்லது ஏறவே ஏறாது. கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் ஊரே கேட்கும் பாட்டும் அப்படியே. கொல்லிமலையில் வேலை செய்துகொண்டே பாடும் பாட்டு எங்கும் பதிவாகியிருக்காவிட்டால், வரிசையை ஆயிரம் இடங்களுக்கு நீட்டினாலும் அது உள்ளே வராது. எண்ணப்படாத ஒன்றை வரிசையின் நீளம் காப்பாற்றாது.

நீட்டினால் யாருக்கு லாபம்?

இனி நியாயத்துக்கு வருவோம். வரிசையை 25இலிருந்து 100க்கு நீட்டினால் சிறிய மொழிகளுக்கு இடம் கிடைக்குமா? இதையும் கணக்கிட்டே பார்க்கலாம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 52.8 கோடி. வங்காளம் 9.7 கோடி, மராத்தி 8.3 கோடி, தெலுங்கு 8.1 கோடி, தமிழ் 6.9 கோடி. சந்தாலி பேசுவோர் ஏறத்தாழ 74 லட்சம். ஒவ்வொருவரும் தம் மொழிப் பாடல்களையே கேட்கிறார்கள் என்றும், ஒவ்வொரு மொழிக்குள்ளும் மேலே சொன்ன பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற ஒழுங்கு நிலவுகிறது என்றும் கொள்வோம். உண்மையில் பாட்டு மொழி எல்லையைத் தாண்டும். ஆயினும் கணக்கின் போக்கைப் புரிந்துகொள்ள இது போதும்.

தமிழின் முதல் பாட்டு நாட்டு வரிசையில் எங்கே வரும்? இந்தியில் ஏழு பாடல்கள் அதற்கு முன்னே நிற்கும். வங்காளம், மராத்தி, தெலுங்கு ஆகியவற்றின் முதல் பாடல்களும் முன்னே நிற்கும். ஆக, தமிழின் தலைசிறந்த பாட்டுக்குக் கிடைப்பது பதினொன்றாம் இடம்.

25 இடங்களில் இந்திக்கு 14, தமிழுக்கு 1. சரி, 100 இடங்களாக நீட்டுகிறோம். இந்திக்கு ஏறத்தாழ 48, தமிழுக்கு 6. புதிதாகச் சேர்ந்த 75 இடங்களில் இந்திக்குக் கிடைத்தவை 34, தமிழுக்கு 5. சந்தாலிக்கு? ஒன்றுமில்லை! அம்மொழியின் மிகச் சிறந்த பாட்டே 150ஐத் தாண்டித்தான் நிற்கும். எட்டாவது அட்டவணையில் 2003ஆம் ஆண்டிலேயே இடம்பெற்ற மொழி அது.

இதில் இந்தி மொழியின் குற்றம் எதுவுமில்லை. ஒரே தராசில் எல்லாவற்றையும் நிறுத்தினால் கனமானதே தாழும். வரிசையை நீட்டுவது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கே பெரும்பாலான இடங்களைக் கொடுக்கிறது.

கனமூலம் சொல்லும் வழி

அப்படியானால் சிறிய மொழிகளுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. நாம் கண்டுபிடித்த கனமூல விதியே வழி காட்டுகிறது. ஒரே வரிசையை நீட்டாமல், மொழிக்கு ஒரு வரிசையாகப் பிரியுங்கள்!

"சிறிய மொழியில் கேட்பவர்கள் குறைவாயிற்றே, அதன் வரிசை நம்பத்தக்கதாக இருக்குமா?" என்று கேட்பீர்கள். கணக்கிடுவோம். இந்திக்கும் தமிழுக்கும் எண்ணிக்கையில் உள்ள விகிதம் ஏறத்தாழ 7.7. அதன் கனமூலம் 2. எனவே இந்தி வரிசை 40 இடங்கள் வரை நம்பத்தக்கது என்றால், தமிழ் வரிசை 20 இடங்கள் வரை நம்பத்தக்கது. சந்தாலி பேசுவோர் இந்தி பேசுவோரில் 72இல் ஒரு பங்கே. ஆனால் 72இன் கனமூலம் 4ஐச் சற்றே தாண்டும். ஆகவே சந்தாலி வரிசைக்கும் 9 இடங்கள் தேறுகின்றன!

எழுபத்திரண்டு மடங்கு சிறிய மொழி. ஆனால் நான்கு மடங்கு மட்டுமே குட்டையான வரிசை. எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறைந்தாலும் தெளிவான இடங்கள் பாதியாகத்தான் குறைகின்றன. பெரிய எண்ணிக்கைக்கு நீண்ட வரிசை கிடைப்பது எவ்வளவு கடினமோ, சிறிய எண்ணிக்கைக்குக் குட்டையான, நேர்மையான வரிசை கிடைப்பது அவ்வளவு எளிது. ஒரே விதியின் இரண்டு பக்கங்கள் இவை.

ஆகவே நம் கேள்விக்கு விடை இது: நாட்டு வரிசை எண்ணிக்கை தாங்கும் அளவுக்கு நீளலாம். அதற்கு மேல் அச்சிடும் ஒவ்வோர் இடமும் வெறும் அலங்காரம். விடுபட்டவர்களை உள்ளே கொண்டுவருவதுதான் நோக்கம் என்றால், நீட்டுவதைக் காட்டிலும் பிரிப்பதே பயன் தரும். அதோடு, எண்ணப்படாமல் இருக்கும் பாடல்களை எண்ணவும் தொடங்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியிலேயே இதைச் சோதிக்கலாம். முப்பது பாடல்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொரு மாணவரும் தமக்குப் பிடித்த ஒரு பாட்டின் எண்ணைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும். வந்த சீட்டுகளை நன்றாகக் குலுக்கி இரண்டு சம பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பங்கை ஒரு குழுவும் மற்றப் பங்கை இன்னொரு குழுவும் தனித்தனியே எண்ணி வரிசைப்படுத்தட்டும். ஒரு குழுவின் வரிசையை மற்றொரு குழு பார்க்கக் கூடாது.

பிறகு இரு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலிருந்து ஒப்பிட்டு வாருங்கள். முதல் இரண்டு மூன்று இடங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். எந்த இடத்தில் இரண்டும் முரண்படத் தொடங்குகின்றனவோ, அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். உங்கள் வரிசைக்கு அதுவே எல்லை. கோட்டுக்குக் கீழே உள்ள பாடல்களை அகர வரிசையில் எழுதிவிடுங்கள். அவை தோற்றவை அல்ல. உங்கள் தராசு அவ்வளவு நுட்பமானதன்று, அவ்வளவே.

இனி நாளிதழில் 'சிறந்த நூறு பள்ளிகள்', 'சிறந்த நூறு ஊர்கள்' என்று எந்தப் பட்டியலைக் கண்டாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எதை எண்ணினார்கள்? அந்த எண்ணிக்கை எத்தனையாவது இடம் வரை தாங்கும்?